எல்லோருக்கும் நூற்று முப்பத்தெட்டு

போன மாதம் யமுனா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரகடம் ஃபேக்டரியின் முதலுதவி அறையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் அவள். புதிதாக ஒரு பி.பி. மிஷின் வந்திருக்கிறதாம். கையை உள்ளே விட்டால் தானே அளந்து, தானே எண்ணைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுமாம். நடுவில் பேனாவுக்கு வேலை இல்லை.

“ஹைட் பாஸ்ல பாதி பேரு ஃபெயில் ஆவறாங்க சிஸ்டர். சூப்பர்வைசருங்க வந்து என்னைத்தான் திட்டுறாங்க. உங்க காலத்துல வருஷக்கணக்கா ஒருத்தர்கூட ஃபெயில் ஆனதில்லையாமே. எப்படி சமாளிச்சீங்க?”

அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. அவள் கேட்டதற்கு நேரான பதில் என்னிடம் இருக்கிறது, ஆனால் அது போனில் சொல்லக்கூடிய நீளத்தில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் சேரப்பணஞ்சேரி. நர்சிங் முடித்துவிட்டு படப்பையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் ஊசி போட்டேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஊரைச் சுற்றி ஃபேக்டரிகள் வந்தன. ஃபேக்டரி என்றால் நர்ஸ் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. என்னை எடுத்துக்கொண்டார்கள்.

அறைக் கதவில் ‘தொழில்சார் சுகாதார மையம்’ என்று பலகை. யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது சிஸ்டர் ரூம். இரண்டு கட்டில், ஒரு பாதரச பி.பி. மிஷின், எடை மிஷின், மருந்து அலமாரி, தண்ணீர் கேன். வருகிறவர்களில் பாதி பேருக்கு விரலில் வெட்டு. மீதிப் பாதிக்குக் கட்டிலில் பத்து நிமிடம் தூங்க வேண்டும். இரண்டு சாராருக்கும் என்னால் முடிந்ததைச் செய்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹைட் பாஸ் வரும். ஆறடிக்கு மேல் ஏறி வேலை செய்கிறவர்களுக்கு, அதாவது கிரேன் ஓட்டுகிறவர்கள், கூரையில் பைப் மாட்டுகிறவர்கள், உயரத்தில் வெல்டிங் செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு சீட்டு. கண் பார்வை, தலைசுற்றல், பி.பி. மூன்றும் பார்த்து நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பி.பி.யில் மேல் எண் நூற்று நாற்பதுக்குள், கீழ் எண் தொண்ணூறுக்குள் இருந்தால் ஏறலாம். தாண்டினால் ஏறக்கூடாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஏறக்கூடாது என்றால் வேலையே கிடையாது. அதை ‘ரெஸ்ட்’ என்று மரியாதையாகச் சொல்வார்கள்.

முதல் வருடம் நான் வந்த எண்ணை வந்தபடி எழுதினேன். ஏழு பேர் ரெஸ்டில் போனார்கள். இரண்டு பேர் மட்டும் திரும்பி வந்தார்கள். அதில் ஒருவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு அது பிடிக்கவில்லை. மறு வருடத்திலிருந்து உதவி செய்ய ஆரம்பித்தேன்.

யாருக்காவது கூடுதலாக வந்தால் கட்டிலில் படுக்க வைப்பேன். ஃபேனை வேகமாகச் சுற்ற விடுவேன். தண்ணீர் கொடுத்து, பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்வேன். திரும்பப் பார்ப்பேன். அப்படியும் இறங்காவிட்டால் பெரிய பட்டை. கையில் சுற்றிக் காற்றடிக்கிற பட்டை எங்களிடம் இரண்டு இருந்தது. சாதாரணம் ஒன்று, பருமனான ஆட்களுக்குப் பெரியது ஒன்று. ஒருநாள் சாதாரணப் பட்டை ஒட்டாமல் போனதால் ஒல்லியான ஒருவருக்குப் பெரியதைச் சுற்றினேன். எண் குறைவாகக் காட்டியது. அளவு பெரிய பட்டை அப்படித்தான் காட்டும் என்று படிக்கும்போது சொல்லித் தந்திருந்தார்கள். செய்யக்கூடாத தவறு என்றுதான் சொல்லித் தந்திருந்தார்கள். நான் அதை வேறு விதமாக ஞாபகம் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் ஆட்களே கையை நீட்டியபடி, “பெருசு போடுங்க சிஸ்டர்” என்று கேட்டார்கள்.

பெரிய பட்டையும் கைகொடுக்காவிட்டால் பேனா இருந்தது. நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தெட்டு. எல்லைக்கு இரண்டு குறைவு. பார்க்க உண்மை மாதிரியே இருக்கும்.

அப்போது டாக்டர் என்று ஒருவர் பேருக்கு இருந்தார். மாதம் ஒருநாள் வந்து, நான் அடுக்கி வைத்த தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேன்டீனில் இன்று என்ன என்று விசாரிப்பார். எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் வந்ததில்லை.

இசக்கிமுத்து கிரேன் ஆபரேட்டர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர், வயது முப்பத்தெட்டு. மனைவி மாரிச்செல்வியோடும் ஐந்து வயது மகளோடும் வல்லக்கோட்டையில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருந்தார். ஒல்லியான உடம்பு. பீடி, குடி எதுவும் இல்லை. எல்லோரும் என்னை சிஸ்டர் என்றால் அவர் மட்டும் அக்கா என்பார். அவர் கிரேனில் இருந்தால் தகடு அழுத்துகிற பத்து டன் இரும்பு அச்சு கூட முட்டை மாதிரி இறங்கும் என்று சொல்வார்கள். எனக்கு அவரைப் பிடிக்கும். இந்தக் கதையில் அதுதான் கோளாறு.

அதுவரை தரையில் நின்று ரிமோட்டில் கிரேன் ஓட்டியவர் அப்போதுதான் மேலே கேபினுக்கு மாறியிருந்தார்; ஹைட் பாஸுக்காக முதல் தடவை பட்டையைச் சுற்றினேன். நூற்று அறுபத்தெட்டு, நூற்று நாலு. ஸ்டெத்தைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

“இன்னாப்பா, தலைவலி, படபடப்பு ஏதாவது கீதா?”

“ஒண்ணும் செய்யலக்கா. நல்லாத்தான இருக்கேன்.”

படுக்க வைத்தேன். நூற்று அறுபது. பெரிய பட்டை, நூற்று ஐம்பது. அதற்குள் கதவில் சூப்பர்வைசர் டில்லிபாபு வந்து நின்றார்.

“இன்னா சிஸ்டர், அங்க லைனே நின்னுகினு கீது. கிரேனுக்கு ஆளு இல்ல. பாஸைப் போட்டு அனுப்புங்க, புண்ணியமா போவும்.”

எழுதினேன். இசக்கி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “சரியாயிட்டாக்கா?” என்று கேட்டார். “ம், இப்ப ஓகே” என்றேன். கூடவே, உப்பைக் குறை, ஊறுகாயைத் தொடாதே, லீவு நாளில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டி மாத்திரை வாங்கிக்கொள் என்றும் சொன்னேன். வாயால் சரியாகத்தான் சொன்னேன்.

அவர் போனார். சொன்னால் கேட்கிற மனிதர். அடுத்த வாரம் வந்து விவரம் சொன்னார்.

“அங்கன நூத்தி அறுபத்தி நாலுன்னு சொன்னாங்கக்கா. மாத்திரை எழுதணும்னாங்க. நான் போன்ல நம்ம சீட்டைக் காட்டினேன். ஃபேக்டரி நர்ஸு கையெழுத்து, சீலு எல்லாம் இருக்குல்லா. சில பேருக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தா ஏறும், எதுக்கும் அடுத்த வாரம் வந்து திரும்பப் பாருங்கன்னுட்டாங்க.”

“திரும்பப் போனியா?”

“எதுக்குக்கா? முதல்ல கூட வந்துச்சி, நீங்க சரி பண்ணி விட்டுட்டீங்க. ரீ-செக்ல ஓகேன்னா ஓகேதானே.”

அவர் கிண்டல் செய்யவில்லை. எங்கள் ஃபேக்டரியில் ஒரு பாகம் இன்ஸ்பெக்‌ஷனில் அளவு தவறினால் தேய்த்துச் சரிசெய்து மறுபடி அளப்பார்கள். இரண்டாவது அளவு சரியாக இருந்தால் முதல் அளவை அடித்துவிட்டு பச்சை சீட்டு ஒட்டுவார்கள். அந்தப் பாகம் நல்ல பாகம். பதினோரு வருடம் அங்கே இருந்த மனிதர் தன் உடம்பையும் அப்படியே புரிந்துகொண்டிருந்தார். கட்டிலில் பத்து நிமிடம் படுத்ததில் தான் ரிப்பேர் ஆகிவிட்டதாக நம்பினார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த எண் பொய், ஆஸ்பத்திரியில் சொன்னதுதான் உண்மை என்று ஒரு வரி. சொன்னால் அவர் ரெஸ்டில் போவார், நானும் எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டும். “உப்பைக் குறைச்சியா?” என்று கேட்டேன். குறைத்துவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகும் மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் அதே எண்ணை எழுதினேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலாவது தடவைக்குக் கொஞ்ச நாள் பிறகு பழைய டாக்டர் நின்றுவிட, டாக்டர் நடராஜன் வந்தார். அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். துப்புரவுக்கு வருகிறவரையும் ‘வாங்க, உட்காருங்க’ என்றுதான் சொல்வார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசாமல் இருப்பதுதான் பயமாக இருக்கும்.

பி.பி. பார்ப்பது அவருக்கு ஒரு பூஜை. ஆள் வந்ததும் பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்வார். டீயோ பீடியோ குடித்து அரை மணி ஆகாவிட்டால் வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டும். பிறகு நாற்காலி. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில், கால் மேல் கால் கூடாது. கை மேஜை மேல், நெஞ்சு உயரத்தில். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கக்கூடாது, கழற்றிவிட வேண்டும். மேல்கையின் சுற்றளவை டேப் வைத்து அளந்து அதற்கான பட்டையை எடுப்பார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது, அவரும் பேசமாட்டார். ஃபேக்டரிக்குள் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு ஒரு தடவை அளந்து, ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை. இரண்டையும் எழுத வேண்டும். முதல் எண்ணை அடிக்கக்கூடாது.

டில்லிபாபு ஒருநாள் கதவில் வந்து, “சார், லைனு...” என்று ஆரம்பித்தார். டாக்டர் காலி நாற்காலியைக் காட்டினார். டில்லிபாபுவும் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தார். அளந்ததில் அவருக்கும் பி.பி. கூடத்தான் இருந்தது.

ஆட்களிடம் டாக்டர் ஒரே ஒரு விளக்கம்தான் சொல்வார். “கம்ப்ரசர் லைன்ல பிரஷரைக் கூட்டி வச்சா ஹோஸ் அன்னைக்கே வெடிக்காது. நல்லாத்தான் ஓடும். உள்பக்கம் தேஞ்சுக்கிட்டே வரும், மோட்டார் திணறிக்கிட்டே இருக்கும். இதயம், மூளை, கிட்னி எல்லாத்துக்கும் அதேதான். தலைவலி வந்தாத்தான் பிரஷர்னு இருக்காதீங்க. அதுக்குச் சொல்லிட்டு வர்ற வழக்கம் இல்ல.”

இரண்டாவது வாரம் ஹைட் பாஸ் ரிஜிஸ்டரைக் கேட்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வெகு நேரம் புரட்டினார்.

“சிஸ்டர், நம்ம ஃபேக்டரியில யாருக்கும் நூத்தி முப்பத்தொன்பது வர்றதில்லையா?”

நான் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து மூடி வைத்தேன்.

“நூத்தி நாற்பத்தி ஒண்ணும் இல்ல. நூத்தி முப்பத்தெட்டு மட்டும் நாற்பத்து மூணு பேருக்கு இருக்கு.” ரிஜிஸ்டரை மூடி என் பக்கம் தள்ளினார். “இந்த நாற்பத்து மூணு பேரையும் திரும்பக் கூப்பிடுங்க. நான் வர்றப்பல்லாம் பத்துப் பத்து பேரா. யாரை முதல்ல கூப்பிடணும்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

எனக்குத் தெரியும்தான். பட்டியல் போட உட்கார்ந்தேன். இசக்கியின் பெயரை முதலில் எழுத வேண்டும். முதலில் வந்தால் அன்றைக்கே கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். மகளை அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். இன்னும் ரெண்டு வாரம் ஓட்டட்டும், அதற்குள் உப்பைக் குறைத்து இறங்கினாலும் இறங்கும் என்று நினைத்தேன். நாற்பத்து மூன்றாவதாக எழுதினேன். பிரியத்தில்தான் செய்தேன்.

கடைசி பேட்ச் ஒரு வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, வல்லக்கோட்டை கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த இசக்கி, கூட நின்றவரிடம் சாப்பாட்டுப் பையைக் கொடுத்து, “இதைக் கொஞ்சம் பிடிங்க, நெஞ்சை என்னமோ அமுக்குது” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது. நெடுஞ்சாலைப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் இதயத்தின் பம்ப் வலு பாதியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அந்த ஆஸ்பத்திரி டாக்டர் எங்கள் அறைக்கு போன் செய்தார். டாக்டர் நடராஜன் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், பேஷன்ட்டோட ஒய்ஃப் உங்க ஃபிட்னஸ் சீட்டு நாலு கொடுத்திருக்காங்க. நாலுலயும் பி.பி. எல்லைக்குள்ள இருக்கு. சுகர் இல்ல, ஸ்மோக்கிங் இல்ல. ஆனா எக்கோ ஸ்கேன்ல இதயச் சுவர் நல்லா தடிச்சிருக்கு. வருஷக்கணக்கா பிரஷர் இருந்த ஆளு மாதிரி. ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரல. உங்க ரெக்கார்டை நம்பலாமா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாரே, அந்தப் பார்வை.

“நம்பக்கூடாது சார்” என்றேன், போனுக்குக் கேட்கும்படியாக. முழுவதையும் சொன்னேன். கட்டில், ஃபேன், பெரிய பட்டை, பேனா. 

டாக்டர் நடராஜன் போனை வைத்தார். மேனேஜ்மென்ட்டுக்கு எழுதுவார், என் வேலை அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். எழுதவும் செய்தார். எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கையும் இரண்டு இன்கிரிமென்ட் வெட்டும் வந்தன. அது பிறகு. அப்போது அவர் சொன்னது இவ்வளவுதான்.

“வெளிய பெஞ்சுல ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. அடுத்தவரைக் கூப்பிடுங்க சிஸ்டர்.”

பட்டியலில் மீதி இருந்த நாற்பத்திரண்டு பேரில் இருபத்தொன்பது பேருக்கு உண்மையிலேயே எல்லைக்கு மேல் இருந்தது. டாக்டர் அந்தப் பட்டியலோடு எச்.ஆர். மேனேஜரிடம் போனார், என்னையும் மிஷினைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். அவர் கேட்டது ஒன்றுதான். இவர்களை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. மாத்திரை வேலை செய்ய ஆறு வாரம் ஆகும், அதுவரை தரையில் வேலை, அதே சம்பளம். மேனேஜர் அப்படி ஒரு பாலிசி இல்லை என்றார். டாக்டர் அவருடைய கோட்டைக் கழற்றச் சொல்லி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து அளந்தார். நூற்று ஐம்பத்தாறு.  மேனேஜர், டாக்டர் எழுதிக் கொண்டுவந்திருந்த கடிதத்தில் ஆறு வாரம் என்று இருந்ததை அடித்து எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த இருபத்தொன்பது பேரையும் நான் தனித்தனியாகக் கூப்பிட்டு, முன்பு எழுதிக் கொடுத்தது பொய் என்று சொன்னேன். சிலர் கோபப்பட்டார்கள். நிறைய பேர், “அப்ப ரீ-செக்குன்றது இன்னாத்துக்கு சிஸ்டர்?” என்று இசக்கி மாதிரியே கேட்டார்கள். யமுனா, அதன் பிறகு நான் ஓய்வு பெறுகிறவரையிலும் ஆட்கள் ஃபெயில் ஆனார்கள். வேலைதான் போகவில்லை. நீ சமாளிக்க வேண்டியது மிஷினை இல்லை, எச்.ஆரை. அந்தக் கடிதத்தின் காப்பி அலமாரியின் மேல் தட்டில் பச்சை ஃபைலில் இருக்கிறது.

இசக்கியிடம் மட்டும் சொல்லாமல் இருந்தேன். அவர் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆனபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டைக்குப் போனேன். கோவிலுக்கு வந்த கூட்டம் தெருவரைக்கும் நின்றது. அவர் சுவரில் சாய்ந்து தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், நான் தடுத்தேன். மாரிச்செல்வி டீ போட்டுக் கொண்டுவந்தார். அதைக் கையில் வாங்கிக்கொண்டே சொல்லிவிட்டேன். வைத்துவிட்டுச் சொல்லலாம் என்றால் சொல்லியிருக்கமாட்டேன்.

இசக்கி தலையணையை நகர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நல்லதுக்குத்தானக்கா செஞ்சீங்க. அன்னைக்கே எழுதியிருந்தா வேலை போயிருக்கும்லா.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை, அழுதேன்.

மாரிச்செல்வி அழவில்லை. அவர் அலமாரியிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துவந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

“முத தடவை நெசமா எவ்வளவு இருந்துச்சி?”

“எதுக்கும்மா இப்ப?”

“சொல்லுங்க.”

“நூத்தி அறுபத்தெட்டு, நூத்தி நாலு.”

எழுதினார். “ரெண்டாவது தடவை?”

சொன்னேன். நாலு தடவையும், எந்த மாதம் என்பதோடு சேர்த்துச் சொன்னேன். எங்கேயும் எழுதாததால் எதுவும் மறக்கவில்லை.

“டாக்டருக்கு எல்லாம் தெரியும்மா. நானே சொல்லிட்டேன்” என்றேன்.

“இது இவங்க வைத்தியத்துக்கு இல்ல. எங்க மாமனாரு நாப்பது வயசுல, வயக்காட்டுல உக்காந்த மேனிக்கே போயிட்டாங்க. அவங்களுக்கு எவ்வளவு இருந்துச்சின்னு யாரும் பாக்கல. இப்ப இவங்களுக்கும் வந்துட்டு. நாளைக்கு எம் மவளை ஒரு டாக்டரு பாத்தா, உங்கப்பாவுக்கு எத்தனை வயசுல, எவ்வளவு இருந்துச்சின்னு கேப்பாருல்லா. அதுக்கு.”

என் படிவத்தில் குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. யாரிடமும் கேட்காமல் எல்லோருக்கும் ‘இல்லை’ என்று நிரப்பி வந்திருக்கிறேன்.

மாரிச்செல்வி எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினார்.

“கீழ கையெழுத்துப் போடுங்கக்கா. பேரும் எழுதுங்க.”

இரண்டையும் எழுதிக் கொடுத்தேன்.